கரண்டியக்காவின் ஆரஞ்சு எண்ணெய்

கொசுப்புழுவை எண்ணுவதெல்லாம் ஒரு வேலையா என்று கேட்பவர்களிடம் கரண்டியக்கா சண்டைக்குப் போகமாட்டாள். "இந்தாங்க, நீங்களே எண்ணுங்க" என்று கரண்டியை நீட்டிவிடுவாள். முக்கால்வாசிப் பேர் ஏழு எட்டு வரை எண்ணிவிட்டு, "இதை ஏற்கெனவே எண்ணிட்டேனா?" என்று விழிப்பார்கள். அவள் ஒரே பார்வையில், "இருபத்து மூணு. அதுல நாலு கூட்டுப்புழு. ரெண்டு நாள்ல றெக்கை முளைச்சு நேரா உங்க படுக்கை அறைக்குத்தான் வரும்" என்பாள். அதற்குப் பிறகு அந்த வீட்டில் பேச்சு இருக்காது. தொட்டியைத் தேய்த்துக் கழுவும் சத்தம்தான் கேட்கும்.

கரண்டி வெள்ளை நிறம். ஒரு டம்ளர் தண்ணீர் பிடிக்கும். காம்பு கைத்தடி நீளம். தண்ணீரின் மேல் நம் நிழல் விழுந்தால் போதும், புழுக்கள் அத்தனையும் அடிக்குப் போய் ஒளிந்துகொள்ளும். அதனால் நிழல் பின்னால் விழும்படி நின்று, மூச்சை அடக்கி, கரண்டியின் விளிம்பை மட்டும் சாய்த்து முக்கி, ஒரே இழுப்பில் எடுக்க வேண்டும். நகரத்துச் சுகாதார அலுவலகத்தில் இந்த வேலைக்குப் பதினான்கு பெண்கள் இருந்தார்கள். மற்றவர்கள் தாளில் 'புழு உண்டு', 'புழு இல்லை' என்று எழுதுவார்கள். இவள் கரண்டிக்கு எத்தனை என்று எழுதுவாள். பட்டப்பெயர் ஒட்டிக்கொண்டதற்கு அதுதான் காரணம்.

எண்ணும் கை பழைய வேலையில் வந்தது. பதினோரு வருடம் சட்டைத் தொழிற்சாலையில் பொத்தான்களை நூற்று நாற்பத்து நாலாக எண்ணிப் பொட்டலம் போட்டவள். தொழிற்சாலையை மூடிய அதே மாதத்தில் அவளுக்கு எலும்பை முறிக்கிற காய்ச்சல் வந்தது. கொசு கொடுத்த காய்ச்சல். பத்து நாள் ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோது, ஊசி போட வந்த நர்ஸ்தான் இப்படி ஒரு வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று சொன்னாள். "என்னைப் படுக்க வெச்சவனை நானே தேடிப் போறேன்" என்று சிரித்துக்கொண்டே விண்ணப்பம் எழுதினாள். அப்போது அவளுக்கு வயது முப்பத்தைந்து. இப்போது நாற்பத்து நாலு.

வேலையில் சேர்ந்த நாள் முதல் அவளுக்கு ஒரு சங்கடம் இருந்தது. அவள் கணவர் பஞ்சர் கடைக்காரர். பெரிய சாலையின் திருப்பத்தில் பதினேழு வருடமாக அதே கடை. கடைக்குப் பின்னால் வெட்ட வெளியில் பழைய டயர்கள் மலைபோல் குவிந்திருக்கும். புதுப்பிக்கிற கம்பெனி லாரி மூன்று மாதத்துக்கு ஒருமுறை வந்து நல்லதாகப் பார்த்துப் பத்து டயர் எடுத்துப் போகும். அதற்குள் இன்னொரு பதினொன்று சேர்ந்துவிடும். மழை பெய்தால் ஒவ்வொரு டயருக்குள்ளும் ஒரு சின்னக் குளம். அது வேறொருத்தியின் பகுதி என்பதால் இவள் கண்டும் காணாமல் இருந்தாள். வீட்டில் மட்டும் வாய் ஓயாமல் சொல்வாள். அவர், "ஆகட்டும், ஆகட்டும்" என்பார். அந்த ஆகட்டும் ஒன்றும் ஆகவில்லை.

அந்த ஆண்டு மழை தொடங்கியதும் பகுதிகளைப் பிரித்துப் புதிதாகப் பட்டியல் போட்டார்கள். பஞ்சர் கடை இவள் தலையில் விழுந்தது.

காலை பத்து மணிக்கு நீலக் கோட்டும் பையுமாகக் கடைக்குப் போனாள். அவர் ஒரு ட்யூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கி, எங்கே குமிழி வருகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன, சாப்பாட்டு டப்பாவை மறந்துட்டேனா?"

"ஆய்வுக்கு வந்திருக்கேன்" என்றாள்.

டயருக்குள் கரண்டி நுழையாது. அதற்கென்று ரப்பர்க் குமிழ் வைத்த உறிஞ்சு குழாய் உண்டு. அறுபத்து நாலு டயர். உறிஞ்சி உறிஞ்சி வெள்ளைத் தட்டில் விட்டாள். நாற்பது டயருக்கு மேல் எண்ணவே தேவையில்லை என்று விட்டுவிட்டாள். அவள் எண்ணாமல் விட்டது அதுதான் முதல் தடவை. பையிலிருந்து எச்சரிக்கைப் படிவத்தை எடுத்தாள்.

"உரிமையாளர் பேரு?"

அவர் பேந்தப் பேந்த விழித்தார். பக்கத்து ஜூஸ் கடைக்காரர் ஆரஞ்சு பிழிவதை நிறுத்திவிட்டு வேடிக்கை பார்த்தார்.

"என்ன விளையாடறியா?"

"அப்பா பேரு?"

"ஏம்மா, உன் மாமனார் பேரு உனக்குத் தெரியாதா?"

"நீங்க வாயால சொல்லித்தான் நான் எழுதணும். சட்டம்."

"இதை வீட்டுல ஒரு வார்த்தை சொல்லியிருந்தா போதாதா?"

"ஒன்பது வருஷமா வீட்டுலதான் சொல்லிட்டிருக்கேன். இப்போ எழுத்துல தர்றேன். பத்து நாள்ல சரி பண்ணலைன்னா ரெண்டாவது நோட்டீஸ். அதுக்கப்புறம் வண்டி வந்து டயரை அள்ளிட்டுப் போயிடும்."

ஜூஸ்காரர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "ஊருக்குத்தான் உபதேசம்னு இனிமே யாரும் சொல்ல முடியாதுக்கா!"

பஞ்சர்க்காரருக்கு முகத்தில் ஈயாடவில்லை. ஆனாலும் கையெழுத்துப் போட்டார். அன்று மாலையே ஒரு பெரிய தார்ப்பாய் வாங்கி டயர்கள் மேல் விரித்தார். மறுநாள் மழை பெய்ததும் தார்ப்பாயே பள்ளம் பள்ளமாகத் தொங்கி, அறுபத்து நாலு குளத்தோடு இன்னும் ஐந்து குளம் சேர்ந்தது.

வேறு வழியில்லாமல் அவள் அலுவலக மருந்தைக் கொண்டுபோய் ஊற்றினாள். அது ரசாயன மருந்து. நாற்றம் மூக்கைத் துளைக்கும். சரியாக அளந்து ஊற்றிவிட்டு ஐந்தாம் நாள் போய்ப் பார்த்தால், புழுக்கள் தலைகீழாகத் தொங்கி நிம்மதியாக மூச்சு விட்டுக்கொண்டிருந்தன. அலுவலகத்தில் அவளுடைய மேலதிகாரி ஒரு பெண்மணி. இவளைவிடப் பத்து வயது சிறியவர், கறாரானவர். எல்லோருக்கும் அவர் மேடம்.

"தண்ணி அதிகமா கலந்துட்டீங்களாம்மா?" என்று கேட்டார் மேடம்.

கரண்டியக்காவுக்குச் சுருக்கென்றது. "நீங்களே வந்து கலந்து ஊத்துங்க மேடம்" என்றாள்.

மேடம் வந்தார். தன் கையால் அளந்தார், ஊற்றினார். மூன்றாம் நாள் மறுபடி வந்து தட்டில் பார்த்தார். பாதிக்குப் பாதி உயிரோடு நெளிந்தன. தட்டைக் கீழே வைத்தார்.

"இந்தப் பக்கம் எத்தனை வருஷமா இதே மருந்து ஊத்தறோம்?"

"நான் சேர்ந்ததுலேருந்து இதேதான்."

"அதுங்களுக்குப் பழகிப்போச்சு" என்றார் மேடம். "வேற மருந்து கேட்டு எழுதறேன். வர்றதுக்கு மாசக்கணக்காகும். ஆனா ரெண்டாவது நோட்டீஸ் நிக்காதும்மா. உங்க வீட்டுக்காரர்னு பார்க்க முடியாது."

"நான் பார்க்கச் சொல்லலையே மேடம்" என்றாள்.

இரண்டாவது நோட்டீஸை அவளே எழுதினாள். பதினைந்து நாள் கெடு. அதோடு வீட்டில் பேச்சுவார்த்தை நின்றது. கணவருடைய அக்காவும் அவர்களோடுதான் இருந்தார். வீட்டு மாடியில் பினாயில் தயாரித்துக் கடைகளுக்குப் போடுகிறவர். அந்த நாட்களில் தபால்காரர் வேலையும் அவர் தலையில் விழுந்தது.

"டேய், உன் பொண்டாட்டி சாப்பிட வரச்சொல்றா. ஏண்டி, அவன் பசிக்கலைங்கறான். அப்படிச் சொல்லிட்டு மூணாவது தடவை சமையல்கட்டை எட்டிப் பார்க்கறான். நான் என்ன, ரெண்டு பேருக்கும் நடுவுல டெலிபோன் கம்பியா?"

மூன்றாம் நாள் மௌனத்தைக் கலைத்தது பஞ்சர்க்காரர்தான், அதுவும் ஒரு புகாரோடு. "எனக்கு மட்டும் நோட்டீஸ் குடுத்தா நியாயமா? அந்த ஜூஸ்காரன் ஆரஞ்சுத் தோலையெல்லாம் சுவருக்கு இந்தப் பக்கம் என் டயருக்குள்ள வீசறான். என் கடை என்ன அவனுக்குக் குப்பைத்தொட்டியா? அவனுக்கும் ஒண்ணு எழுது பார்ப்போம்!"

எழுதத்தான் போனாள். இரண்டு கடைக்கும் நடுவே இடுப்பளவு சுவர். சுவரை ஒட்டி ஒரு வரிசை டயர், ஒன்பது. அத்தனையிலும் பிழிந்த ஆரஞ்சுத் தோல் கிடந்தது. எப்படியும் உள்ளே புழு இருக்கும், எண்ணிக்கையையும் எழுதிவிடலாம் என்று குழாயை விட்டு உறிஞ்சித் தட்டில் ஊற்றினாள். புழு இருந்தது. நெளியவில்லை. நூல் துணுக்குகள் மாதிரி செத்து மிதந்தன. அடுத்த டயரிலும் அப்படித்தான். ஒன்பதில் ஏழு டயரில் ஒன்றுகூட உயிரோடு இல்லை. அதற்கு அடுத்த வரிசையில், தோல் விழாத டயர்களில், பழையபடி கும்மாளம்.

தட்டை முகர்ந்து பார்த்தாள். மறுபடி முகர்ந்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் ஜூஸ்காரர் இரண்டு கையையும் கூப்பினார்.

"அக்கா, சத்தியமா நாளையிலேருந்து போட மாட்டேன்! தொட்டி நிறைஞ்சு போச்சேன்னு ஏதோ…"

"போடுங்க" என்றாள் அவள்.

"ஆங்?"

"இன்னும் போடுங்க. இன்னைக்குப் பிழியறதையெல்லாம் எனக்கு எடுத்து வைங்க."

பஞ்சர்க்காரர் கையிலிருந்த நெம்புகோலைக் காலில் போட்டுக்கொண்டார்.

அன்று சாயங்காலமே மாடியில் பினாயில் பாட்டில்களுக்குப் பக்கத்தில் ஐஸ்கிரீம் டப்பாக்கள் வரிசை கட்டின. ஒவ்வொன்றிலும் ஒரு டம்ளர் தண்ணீர், இருபது புழு. சிலவற்றில் புதுத் தோல். சிலவற்றில் ஒன்றும் இல்லை. புழுக்களைத் தண்ணீர் பாட்டிலில் பிடித்து வந்து சமையல்கட்டில் வைத்திருந்தாள். நாத்தனார் தாகத்தோடு பாட்டிலை வாயருகே கொண்டுபோய், வெளிச்சத்தில் ஏதோ ஆடுவதைப் பார்த்துவிட்டுப் போட்ட கூச்சல் தெருக்கோடி வரை கேட்டது. அன்றிலிருந்து அந்த வீட்டில் எந்தப் பாட்டிலையும் யாரும் ஆட்டிப் பார்க்காமல் குடிப்பதில்லை.

மறுநாள் காலையில் தோல் போட்ட டப்பாக்களில் இருபதுக்குப் பதினெட்டு, பத்தொன்பது செத்திருந்தன. சும்மா தண்ணீரில் இருபதும் உயிரோடு இருந்தன. அவள் தாளில் எழுதிக்கொண்டு நேரே மேடத்திடம் ஓடினாள். மேடம் யோசித்தார். "ஒரே ஒரு சந்து எடுத்துக்குங்க. முப்பது வீடு. பூந்தொட்டித் தட்டு, உடைஞ்ச வாளி, ஏசி தண்ணி சொட்டற டப்பா, இதுல மட்டும். குடிக்கிற தண்ணிப் பக்கமே போகக்கூடாது" என்று சொல்லி அனுமதித்தார்.

இரண்டு மூட்டை தோலை ஜூஸ்காரர் கொடுத்தார். சந்து முழுக்க ஆரஞ்சு வாசனை. "இப்படி ஒரு மருந்தை இத்தனை நாள் எங்கே வெச்சிருந்தீங்க?" என்று வீட்டுக்காரிகள் கதவைத் திறந்து வரவேற்றார்கள். பழைய மருந்து என்றால் கதவைச் சாத்துகிறவர்கள் அவர்கள். இரண்டாம் நாள் ஒரு புழு இல்லை. நான்காம் நாளும் இல்லை. கரண்டியக்காவுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பதினோராம் நாள் அந்தச் சந்துக்குள் நுழையும்போதே வாசனை மாறியிருந்தது. தோல்கள் அழுகி, தண்ணீர் கருத்து, நுரைத்திருந்தது. அதில் புழு மொய்த்தது. முன்பு இருபது இருந்த இடத்தில் இருநூறு. ஒரு வீட்டுக்காரி பூந்தொட்டித் தட்டைக் கையிலேயே ஏந்திக்கொண்டு வாசலில் நின்றாள்.

"ஏம்மா, புழுவைக் கொல்ல மருந்து போட்டீங்களா, இல்ல வளர்க்கறதுக்குப் பழரசம் ஊத்தினீங்களா?"

தெருவே சிரித்தது. கரண்டியக்காவும் சிரித்துச் சமாளித்தாள். ஆனால் உள்ளுக்குள் கூனிக் குறுகிப்போனாள். முப்பது வீட்டுத் தட்டையும் வாளியையும் தானே தேய்த்துக் கழுவிக் கவிழ்த்தாள். அலுவலகத்தில் சக பெண்கள் அவளைச் சக்கையக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். மேடம் கோபப்படவில்லை. "போதும்மா. புது மருந்து வரட்டும்" என்று மட்டும் சொன்னார். திட்டியிருந்தால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

இரண்டு நாள் மாடிப் பக்கமே போகவில்லை. மூன்றாம் நாள் விடுமுறை. மாடிக்குப் போனவள் டப்பாக்களைக் கழுவி மறுபடி வரிசையாக வைத்தாள்.

"விடமாட்டியா நீ?" என்றார் நாத்தனார், பினாயில் பாட்டிலுக்கு மூடி திருகிக்கொண்டே.

"எங்கே தப்புன்னு தெரியணும் அண்ணி. தெரிஞ்சுட்டா விட்டுடறேன்."

ஒரு டப்பாவில் மஞ்சள் மேல்தோலை மட்டும் சீவிப் போட்டாள். இன்னொன்றில் உள்ளே இருக்கும் வெள்ளைப் பகுதியும் சக்கையும். இன்னொன்றில் ஒரு வாரப் பழைய தோல். மறுநாள் விடை கிடைத்தது. மேல்தோல் கொன்றது. சக்கையில் புழுக்கள் கொழுத்தன. பழைய தோலில் காரமெல்லாம் போய்ச் சாப்பாடு மட்டும் மிஞ்சியிருந்தது. தோலை நகத்தால் கீறினால் பீய்ச்சி அடிக்கிறதே, கண்ணில் பட்டால் எரிகிறதே, அந்த எண்ணெய்தான் மருந்து. மற்றதெல்லாம் புழுவுக்கு விருந்து.

எண்ணெயை மட்டும் எப்படிப் பிரிப்பது? ஆவியில் வடிக்கலாம் என்று எங்கோ படித்த ஞாபகம். சமையல்கட்டு குக்கர் மாடிக்கு ஏறியது. விசிலை எடுத்துவிட்டு அந்த மூக்கில் ஒரு குழாயை மாட்டி, அந்தக் குழாயைக் குளிர்ந்த தண்ணீர் வாளிக்குள் சுருட்டி விட்டு, முனையில் ஒரு பாட்டில் வைத்தாள். அடுப்பை மூட்டியதும் குக்கரைச் சுற்றி எல்லாப் பக்கமும் ஆவி வந்தது, பாட்டிலுக்குள் மட்டும் வரவில்லை.

மாடிப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்த கணவருக்குப் பொறுக்கவில்லை. "தள்ளு, தள்ளு. காத்து கசியாம அடைக்கறது யார் தொழில்?" என்று சட்டைக் கையை மடக்கினார். கடைக்குப் போய்ச் சூடு தாங்கும் குழாயும் இறுக்கும் வளையமும் கொண்டுவந்தார். மாட்டி முடித்ததும், டயருக்குச் செய்வதுபோலவே சோப்பு நுரையை இணைப்பின் மேல் தடவி, குமிழி வருகிறதா என்று கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். வரவில்லை. நாலு ஈடு வடித்ததில், நாலு கிலோ தோலுக்கு நாலு தேக்கரண்டி எண்ணெய் கிடைத்தது. பாட்டிலில் தண்ணீருக்கு மேலே மெல்லிய மஞ்சளாக நின்றது.

"இவ்வளவுதானா?" என்றார் அவர்.

"கொசுவுக்கு இது ஜாஸ்திங்க."

ஆனால் எண்ணெய் தண்ணீரோடு சேரவில்லை. மேலே ஒரு மூலையில் திட்டாக ஒதுங்கியது. புழுக்களும் புத்திசாலித்தனமாக இன்னொரு மூலைக்கு ஒதுங்கின. அவள் தலையில் கை வைத்து உட்கார்ந்தாள். நாத்தனார் எட்டிப் பார்த்தார்.

"இதுக்கா இந்த மூஞ்சி? என் பினாயிலும் எண்ணெய்தான்டி. தண்ணியில ஊத்தினா பால் மாதிரி வெள்ளையா கலக்குதே, எப்படின்னு என்னைக்காவது கேட்டியா? பதினஞ்சு வருஷமா பக்கத்துலயே உட்கார்ந்து புழு எண்ணறியே தவிர, நான் என்ன பண்றேன்னு பார்த்தது கிடையாது."

"ஒன்பது வருஷம்தான் அண்ணி எண்ணறேன்."

"எண்ணிக்கையை விடமாட்டாளே!"

பினாயிலில் எண்ணெயைத் தண்ணீரோடு சேர்த்து வைக்க ஒரு கெட்டிச் சோப்புக் கரைசல் உண்டு. அதில் கொஞ்சம் ஊற்றிக் குலுக்கியதும் ஆரஞ்சு எண்ணெய் பாலாகத் திரண்டது. டப்பாக்களில் சொட்டு விட்டார்கள். ஒரு மணி நேரத்தில் இருபதும் மல்லாந்தன. நாத்தனார் கைதட்டினார். கரண்டியக்கா மட்டும் கைதட்டவில்லை. வெறும் சோப்புக் கரைசல் விட்ட டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதிலும் பதினாலு செத்திருந்தன.

"அப்போ கொல்றது என் சோப்புன்னு சொல்லு!" நாத்தனாருக்கு இன்னும் சந்தோஷம்.

"அதுதான் தெரியலையே. தெரியாம மேடம்கிட்டே போக மாட்டேன். ஒரு தடவை பட்டது போதும்."

அடுத்த ஒரு வாரம் சோப்பைக் குறைத்துக்கொண்டே போனாள். சோப்பு மட்டும் விட்ட டப்பாவில் இருபதும் உயிரோடு நீந்துகிற அளவுக்கு வந்ததும் நிறுத்தினாள். அந்த அளவு சோப்போடு லிட்டருக்கு ஆறு சொட்டு ஆரஞ்சு எண்ணெய் சேர்த்தபோது, ஆறு முறை வைத்ததில் ஆறு முறையும் பத்தொன்பதுக்குக் குறையாமல் செத்தன. கடைசியாக இரண்டு சின்ன மீன் வாங்கி வந்து அதே மருந்துத் தண்ணீரில் விட்டாள். ஒன்று பக்கவாட்டில் சாய்ந்தது. பதறிப்போய் நல்ல தண்ணீரில் மாற்றினாள். அரைமணி நேரத்தில் நிமிர்ந்துகொண்டது. தாளின் அடியில் பெரிய எழுத்தில், 'மீன் இருக்கிற தண்ணீரில் கூடாது. குடிக்கிற தண்ணீரில் கூடவே கூடாது' என்று எழுதினாள்.

இதற்குள் பதினைந்து நாள் கெடு முடிந்து, அலுவலகத்துக்கு லாரி கிடைக்காமல் நாள் தள்ளிப்போய், ஒரு திங்கட்கிழமை டயரை அள்ள வண்டி வந்து நின்றது. மேடமும் வந்திருந்தார். கரண்டியக்கா தாளை நீட்டினாள்.

"மேடம், ஒரு வாரம் குடுங்க. என் வீட்டுக்காரருக்காகக் கேட்கலை. இவ்வளவு புழு ஒரே இடத்துல வேற எங்கேயும் கிடைக்காது. இங்கேயே பார்த்துடலாம். நீங்களே எண்ணுங்க. சரியா வரலைன்னா நானே டயரை வண்டியில ஏத்தறேன்."

"உன் வாயில நல்ல வார்த்தையே வராதா?" என்று முணுமுணுத்தார் பஞ்சர்க்காரர்.

மேடம் தாளை இரண்டு முறை படித்தார். சோப்பு மட்டும் விட்ட டப்பாக்களின் கணக்கில் விரல் நின்றது. "இதை யார் சொன்னா வைக்கச் சொல்லி?"

"யாரும் சொல்லலை மேடம். சந்தேகம் வந்துச்சு."

வண்டி வெறுமையாகத் திரும்பியது. முப்பது டயரில் சுண்ணாம்பால் குறி போட்டார்கள். பத்தில் பழைய மருந்து, பத்தில் ஆரஞ்சுப் பால், பத்தில் வெறும் சோப்பு. மறுநாள் மேடம் ஜூஸ்காரர் போட்டுக் கொடுத்த பழப்பெட்டியின் மேல் உட்கார்ந்து எண்ணினார். எதில் என்ன ஊற்றியது என்று அவருக்குச் சொல்லவில்லை. அவரே சொல்லக்கூடாது என்றார். ஒரு தட்டில் முப்பத்தொன்று என்றார். "முப்பத்து மூணு மேடம், ஓரத்துல ரெண்டு ஒட்டிட்டிருக்கு" என்றாள் இவள். எண்ணி முடித்ததும் குறியோடு ஒத்துப் பார்த்தார்கள். பழைய மருந்தில் பாதி உயிரோடு இருந்தது. சோப்பில் கிட்டத்தட்ட எல்லாமே. ஆரஞ்சில் பத்துக்கு ஒன்றுகூட மிஞ்சவில்லை.

ஜூஸ்காரர் உற்சாகத்தில் ஆளுக்கொரு டம்ளர் பிழிந்து கொடுத்தார். மேடம் குடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு கேட்டார்: "எத்தனை நாள் தாங்கும்?"

"நாலாவது நாள் வீரியம் போயிடுது மேடம். வெயில் அடிச்சா மூணு நாள்தான். திரும்பத் திரும்ப ஊத்தணும். வீடு வீடாப் போறதுக்கு இது சரிப்படாது. டயர்க் கடை, பழைய சாமான் கடை மாதிரி இடத்துக்கு ஆகும்."

குறையை அவள் வாயாலேயே கேட்டதும் மேடத்தின் முகம் முதல்முறையாக மலர்ந்தது. ஜூஸை ஒரே மூச்சில் குடித்தார். "ஆராய்ச்சி நிலையத்துக்கு ஒரு பாட்டில் அனுப்பறேன். அவங்க பதில் வர்ற வரைக்கும் உங்க பகுதியில இருக்கிற டயர்க் கடைகள்ல மட்டும் செய்ங்க. கணக்கு வாராவாரம் என் மேஜைக்கு வரணும்." பிறகு பஞ்சர்க்காரர் பக்கம் திரும்பினார். "நீங்க மேலே தகரக் கூரை போடுங்க. தண்ணியே நிக்கலைன்னா எந்த மருந்தும் வேண்டாம்."

"போட்டுடறேன் மேடம்" என்றார் அவர் உடனே. மனைவி அவரை ஒரு பார்வை பார்த்தாள். "மேடம் கேட்டா மட்டும் ஆகட்டும்னு சொல்ல வாய் வரலையா?" அவர் காதில் விழாத மாதிரி சுத்தியலைத் தேடினார். ஆனால் கூரை நிஜமாகவே பத்து நாளில் ஏறியது.

இரண்டு மாதம் கழித்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து கடிதம் வந்தது. அவர்களுடைய சோதனையிலும் கொன்றதாம். ஆனால் ஒவ்வொரு தடவை வடிக்கும்போதும் வீரியம் கொஞ்சம் மாறுகிறது, இன்னும் சோதிக்க வேண்டும் என்று எழுதியிருந்தார்கள். வடித்த கருவி எது என்றும் கேட்டிருந்தார்கள். 'ஐந்து லிட்டர் குக்கர், பஞ்சர் ஒட்டும் கடைக் குழாய்' என்று மேடம் சிரிக்காமல் பதில் எழுதினார். அலுவலகத்துப் பெண்கள் பதின்மூன்று பேரும் அடுத்த சனிக்கிழமை மாடிக்கு வந்து வடிப்பதைக் கற்றுக்கொண்டார்கள். சக்கையக்கா என்று முதலில் கூப்பிட்டவளே முன்வரிசையில் உட்கார்ந்து குறிப்பு எடுத்தாள்.

அந்தப் பகுதியில் பதினோரு டயர்க் கடை. நாலு நாளுக்கு ஒருமுறை முதுகில் தெளிப்பானோடு சுற்றி வருகிறாள் கரண்டியக்கா. அவள் வரும் தெருவில் ஆரஞ்சு மணக்கிறது என்று கடைக்காரர்கள் கேலி செய்கிறார்கள். இப்போது ஆரஞ்சு வரத்து முடிந்துவிட்டது; வடித்து வைத்த எண்ணெய் இன்னும் கொஞ்ச நாளுக்குத்தான் வரும். ஜூஸ்காரர் எலுமிச்சைக்கு மாறிவிட்டார்; போன வாரம் தானாகவே ஒரு மூட்டை தோலைக் கொண்டுவந்து மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனார். முதல் வடிப்பில் லிட்டருக்கு ஆறு சொட்டு போதவில்லை. இருபதில் பதின்மூன்றுதான் செத்தது. எட்டுச் சொட்டு விட்டுப் பார்க்கிறாள். நேற்றுக் கணக்குப்படி பதினேழு.